கண்ணாடித் தகட்டில் அக்கா முகம்

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது யாராவது உறையிலிருந்து பெண்ணின் போட்டோவை எடுத்து நீட்டினால், நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். சின்னவர்களுக்கு அது வேடிக்கை. இவளுக்கு யாரைக் கண்டாலும் பிடிக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். விஷயம் அதுவல்ல. வெற்றிலையும் டர்பன்டைனும் கலந்த ஒரு நாற்றம் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மகாராஜா காலத்தில், மைசூரில் பெண்கள் ஹைஸ்கூலில் கடைசி வகுப்புப் படித்தபோது ஏறிய நாற்றம் அது. இன்னும் இறங்கவில்லை.

எங்கள் டிராயிங் மிஸ் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் நல்லதாகச் சொல்லப்போவது அதிகமில்லை. கிறிஸ்தவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர். கையில் ஒரு தொழில் இருந்தால் பெண்பிள்ளை யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாம் என்பார். "பூவும் மயிலும் போட்டுண்டே இருந்தா என்ன ஆகும்? கல்யாணத்துக்கு அப்புறம் தலையணை உறையிலதான் போடுவேள். உங்க கைக்கு ஒரு உத்தியோகம் காட்டறேன், வாங்கோ" என்று, வகுப்பில் நன்றாக வரைகிற பெண்களை மட்டும் பொறுக்கி, ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி வாங்கி, ஜட்காவில் ஏற்றினார். அவர் பேசினது கன்னடம். நாங்கள் எல்லோருமே வெளியில் கன்னடம்தான். என் காதில் அது தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே சொல்கிறேன்.

போன இடம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பெரிய மணிக்கூண்டுக்குப் பின்னால், மார்க்கெட்டை ஒட்டின சந்தில், மாடியில் இருந்தது. படம் பிடிப்பது ஆண்பிள்ளை வேலை, ஆனால் பிடித்த படத்தைத் திருத்துகிற 'ரீடச்' வேலை வீட்டில் உட்கார்ந்தே பெண்கள் செய்யலாம், சீமையில் எல்லாம் பெண்கள்தான் செய்கிறார்களாம். ஓவியம் தெரிந்த கைக்கு அதைவிடக் கௌரவமான தொழில் இல்லை என்று மிஸ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. வகுப்பில் என் கைதான் முதல் கை. அந்தக் கர்வமும் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வார்த்து, பிழைத்ததே பெருமாள் புண்ணியம் என்பார்கள். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் வடு. எங்களுக்கு அது வடுவாகவே தெரியாது, அக்கா முகம் என்றால் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. வருவார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள், பாடச் சொல்லிக் கேட்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்புவார்கள். சொல்லியனுப்பினவர் யாருமில்லை. அக்கா பாட்டுக்குச் சமையலறையில் பஜ்ஜித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அவளைவிடப் புத்திசாலி கிடையாது.

அந்த ஐப்பசியில்தான் பம்பாயிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் மண்டயம் ஐயங்கார் மனுஷாள்தான், ரயில்வே ஆபீசில் வேலை. பையனுக்கு லீவு கிடைக்காது, பெண்ணின் போட்டோ அனுப்புங்கள், பிடித்திருந்தால் நேராக முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்று எழுதினார்கள். அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மிஸ் எங்களை ஜட்காவில் ஏற்றினதற்கு முந்தின வாரம், நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, அம்மாவும் அப்பாவும் அக்காவை அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எந்த ஸ்டுடியோ என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. இது நடந்தால் அக்காவுக்கு ஒரு வாழ்க்கை, நடக்காவிட்டால் இனிமேல் யார் வாசலும் மிதிக்க என்னால் ஆகாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்திருந்தது.

ஜட்காவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் தெருப் பெண். நாக்கு நீளம். அவளுடைய அத்தை பம்பாயில் அந்தப் பையன் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் மற்ற பெண்களும். அக்காவின் முகம் எல்லோருக்கும் பழக்கம், பம்பாய் வரன் பேச்சு மட்டும் யாருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி ஏறினதும் ஒரு பெரிய கூடம். சுவரில் அரண்மனைப் படிக்கட்டும் அன்னப்பறவையும் எழுதின திரைத்துணி. மேலே தகரக் கூரை அனலாகக் கொதித்தது. ஸ்டுடியோக்காரர் ஜரிகைத் தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு எங்களுக்காகவே தயாராக நின்றார். நல்ல கனத்த சரீரம். கன்னத்தில் ஒரு பெரிய வெற்றிலை உருண்டை. பேச்சுக்கு நடுவில் திரும்பிப் படிக்கத்தில் துப்புவார், துப்பினது பாதி விளிம்பில் வழியும். கூசாமல் கோட்டுக்கையால் வாயைத் துடைத்துக்கொள்வார். நான் வளர்ந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிற டம்ளர் உதட்டில் படக்கூடாது. தூக்கித்தான் குடிக்க வேண்டும். எச்சில் என்றால் என்ன என்பதைப் பால் மறக்கும் முன்னாலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்போதே முதுகெல்லாம் கூசியது.

முதலில் அச்சுப்போட்ட படங்களைக் காட்டினார். படத்தில் தூசி விழுந்து வெள்ளைப் புள்ளி இருந்தால் அதை மசி தொட்டு மூட வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய பிரஷ். அதை எடுத்தார், நாக்கை நீட்டினார், சிவந்த நாக்கில் பிரஷை வைத்து உருட்டி முனையாக்கினார். அந்த முனையை மசியில் தொட்டு ஒரு குழந்தையின் படத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். மறுபடி நாக்கு, மறுபடி படம். "தண்ணி உதவாது. எச்சிலுக்குத்தான் பசை உண்டு. இது சாஸ்திரம்" என்றார். சாஸ்திரமாம். அடுத்ததாக எடுத்தது ஒரு மடத்துச் சுவாமியின் படம். அதிலும் அதே நாக்குதான். ஊரெல்லாம் எத்தனை வீட்டில் அந்தப் படத்தைப் பூஜை அறையில் மாட்டித் துளசி சாத்தப்போகிறார்களோ என்று நினைத்தேன். வாயில் உமிழ்நீர் ஊறிவிட்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை.

மிஸ் மட்டும், "எவ்வளவு நுணுக்கமான வேலை பாருங்கோ" என்றார். பாவம், அவருக்கு நாங்கள் பிழைக்க வேண்டும்.

பிறகு ரீடச் மேஜைக்கு அழைத்துப்போனார். சாய்வான மேஜை, நடுவில் ஒரு சதுர ஓட்டை. அதில் படம் எடுத்த கண்ணாடித் தகட்டைச் செருகினால், கீழே வைத்திருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தைத் தகட்டுக்குள் அனுப்பும். மேலே ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். தகட்டில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையாக இருக்கும். முகத்தில் ஒரு குழியோ வடுவோ இருந்தால் அது தகட்டில் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பை ஊசி மாதிரி சீவின பென்சிலால் அடைத்துவிட்டால் அச்சில் வடு காணாமல் போகும். கத்தி முனையால் சுரண்டினால் அந்த இடம் அச்சில் கறுத்து, தடித்த இடுப்பும் மெலியும். இதை விளக்கிவிட்டு அவர் சிரித்தார். "எந்த மூஞ்சியா இருந்தாலும் கொண்டாங்கோ. மகாலக்ஷ்மியா அனுப்பறேன். இந்த ஊர்ல பாதிக் கல்யாணம் என் பென்சில்லதான் நடக்கறது."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

"இதோ, பாதி முடிச்ச ஒண்ணு இருக்கு. அம்மை மூஞ்சி. வயலை உழுது போட்டாப்பல இருந்தது. பம்பாய் மாப்பிள்ளைக்கு அனுப்பணுமாம்" என்று ரேக்கிலிருந்து ஒரு தகட்டை உருவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

கறுத்த முகம், வெளுத்த தலைமயிர், பேய் மாதிரி ஓர் உருவம். மற்றவர்களுக்கு அது யாரோ. நான் முகத்தைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த கையைப் பார்த்தேன். கூச்சம் வந்தால் அக்கா கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொள்வாள். தகட்டில் இரண்டு கையும் அப்படி மூடியிருந்தன. அது அக்காதான். அந்த ஆள் தகட்டில் ஏதோ பிசுக்கு இருக்கிறது என்று கட்டைவிரலை நக்கி, அந்த ஈரத்தை அக்காவின் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். தேய்த்துவிட்டு வேட்டியில் துடைத்தார். சீ. இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

"பம்பாய் மாப்பிள்ளையா? யாரு?" என்று எங்கள் தெருப் பெண் கழுத்தை நீட்டினாள்.

"பேரெல்லாம் சொல்லக்கூடாது. தொழில் தர்மம்" என்றார் அவர். என்ன தர்மமோ. பேரைச் சொல்லாத அந்த மகான், அடுத்த மூச்சில், "திருத்தறதுக்கு முன்னாடி போட்டுப் பார்த்த காப்பி ஒண்ணு டிராயர்ல இருக்கு. அதைப் பார்த்தேள்னாத்தான் என் கை வேலை என்னன்னு புரியும்" என்று டிராயரை இழுத்தார்.

அந்தக் காப்பியில் அக்கா அக்காவாகவே இருப்பாள். பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே எங்கள் தெருப் பெண் அத்தைக்கு எழுதிவிடுவாள், அத்தை மாடிப்படி இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவாள். அப்பாவின் அந்தத் தெளிந்த முகம், அக்கா, எல்லாம் அந்த டிராயரில் இருந்தது. இது என் அக்கா, வைத்துவிடுங்கள் என்று அவரைத் தனியாகக் கெஞ்சவும் வழியில்லை. சுற்றி அத்தனை காதுகள். மயக்கம் போட்டு விழலாமா என்று நினைத்தேன். விழுந்தாலும் அவர்கள் எனக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

"காப்பி வேண்டாம் ஸார். நானே போட்டுப் பாக்கட்டுமா? இப்பவே?" என்றேன்.

அவர் திரும்பினார். மிஸ்ஸுக்கு ஒரே பெருமை. "இவ கைதான் எங்க பள்ளிக்கூடத்துல முதல் கை. குடுத்துப் பாருங்கோ" என்றார். டிராயர் பாதி திறந்தபடி நின்றது. தகட்டை ஓட்டையில் செருகி, பென்சிலை என் கையில் கொடுத்து, கறுப்புத் துணியை என் தலைக்கு மேல் இழுத்து விட்டார்.

உள்ளே ஒரே புழுக்கம். வார்னிஷ், டர்பன்டைன், அவருடைய தலை எண்ணெய், வெற்றிலை, எல்லாம் அந்தத் துணியில் வருஷக்கணக்காக ஊறிக் கிடந்தது. வெளிச்சத்தில் அக்கா மட்டும் இருந்தாள். ஒரு கன்னத்தை அவர் ஏற்கெனவே முடித்திருந்தார். வழவழவென்று, பிசைந்து வைத்த மைதா மாவாக இருந்தது. வாயோரத்தில் அக்காவுக்கு ஒரு கோடு விழும், சிரிக்காதபோதும் அது இருக்கும். அதையும் அடைத்திருந்தார். அது வடுக்கூட இல்லை. அதை ஏன் எடுத்தான் அந்தப் பாவி? இன்னொரு கன்னம் அப்படியே இருந்தது, சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சம் அதன் வழியே வந்தது. நான் பென்சிலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக அடைத்தேன். என்னத்தைச் சொல்ல, நன்றாக வந்தது. கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. மனசு ஓங்கரித்துக்கொண்டிருக்கிறது, கை பாட்டுக்குக் கோலப்புள்ளி வைப்பதுபோல் சுத்தமாக வேலை செய்கிறது. வெளியே பெண்கள் பேசுவது கேட்டது. "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை முகத்தைப் பாக்கறச்சே என்னடி பண்ணுவா அவ?" என்றாள் எங்கள் தெருப் பெண். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசிப் புள்ளிவரை நான் எழுந்திருக்கவில்லை. பாதியில் எழுந்தால் அவர் டிராயர் பக்கம் போவார். துணியை விலக்கினபோது நான் முழுக்க நனைந்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் குனிந்து பார்த்து, "அடேயப்பா, என்னைவிட நல்ல கை" என்றார். தட்டிக்கொடுக்க வேறு கையை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். படிப்பு முடிந்ததும் இவளை அனுப்புங்கள், தகடுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன் என்று மிஸ்ஸிடம் சொன்னார். நேரமாகிவிட்டதால் காப்பியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கீழே இறங்கி ஜட்காவுக்குப் பக்கத்தில், சாக்கடையோரம் நின்று வாந்தி எடுத்தேன். தகரக் கூரை வெக்கை என்று மிஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வழி காட்டிவிட்டோம் என்ற சந்தோஷம் அவர் முகத்திலிருந்து போகவேயில்லை.

அடுத்த வாரம் படம் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பெருமாள் முன்னால் வைக்க வேண்டும் என்று, "குளிச்சுட்டு மடியாத் தொடுடி, சுப காரியம்" என்றாள். எத்தனை தரம் அந்த நாக்கிலிருந்து பிரஷ் இந்த அட்டைக்கு வந்து போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மடியாம். நான் தொடவில்லை. அக்கா வந்து தட்டில் இருந்த படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இதை அனுப்பத்தான் வேணுமா அப்பா? பின்னால ஆயுசு பூரா என் முகத்துல இவளைத் தேடிண்டிருப்பார்" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா, "ஊர்ல எல்லாரும் பண்றதுதானேம்மா" என்றார். படம் பம்பாய் போயிற்று, உடனே சம்மதம் வந்தது. அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, ஏனென்றால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

கல்யாணம் மைசூரிலேயே நடந்தது. மாலை மாற்றுகிற வேளையில்தான் மாப்பிள்ளை அக்காவைக் கிட்டத்தில் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பெரியவர்கள் காமிரா, வெளிச்சம் என்று என்னவோ சொல்லி அமுக்கினார்கள். அவர் தாலியைக் கட்டினார். நல்ல மனுஷன் என்று எங்கள் பக்கத்தார் மெச்சினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரீடச் வேலைக்கு நான் போகவில்லை. அப்பாவே நல்ல உத்தியோகம் என்று சொல்லியும், மிஸ் வீட்டுக்கே வந்து கேட்டும், மாட்டேன் என்றுவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் கண் வலி என்றேன். அதற்குப் பின் நான் யார் முகத்தையும் வரையவில்லை.

சில வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கப் பம்பாய் போனேன். கல்யாணமான கையோடு அத்திம்பேர் பழைய இடத்தைக் காலி பண்ணி, ஊரின் இன்னொரு கோடியில், தெரிந்தவர் யாரும் இல்லாத கட்டடத்துக்குக் குடி போயிருந்தார். முன்னறையில் நுழைந்ததும் அந்தப் போட்டோ. கண்ணாடி போட்டு, சந்தன மாலை போட்டு, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டியிருந்தது. அன்று சாயங்காலம் பக்கத்துப் போர்ஷன் மாமி வந்தாள். படத்தையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "எப்படி இருந்தவ. பகவானுக்குக் கண்ணே இல்லை" என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அத்திம்பேர் நாற்காலியில் சாய்ந்தபடியே, என் கண்ணைப் பார்த்தே சொன்னார்: "கல்யாணமாகி வந்த ஆறாம் மாசமே இவளுக்குப் பெரியம்மை வார்த்துடுத்து. என்ன பண்றது, நம்ம பிராப்தம். நான் விட்டுடுவேனா?"

மாமி உச்சுக்கொட்டினாள். இவரைப் போல ஒரு மனுஷர் உண்டா என்றாள். அத்திம்பேர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குக் கையில் இருந்த காப்பி டம்ளரை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்போல் இருந்தது. அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அவர் வாய் கூசாம சொல்றார், நீ கேட்டுண்டு நிக்கறயே? உனக்கு எப்போ வார்த்ததுன்னு அவருக்குத் தெரியாதா, உனக்குத் தெரியாதா?" என்றேன்.

அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"மொதல்ல எனக்கும் பத்திண்டு வந்தது" என்றாள். "வரவா போறவா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி... இப்போ யோசிச்சுப் பாத்தா, அம்மா வேப்பிலை வச்சது, நம்மாத்துல படுத்துண்டிருந்தது எதுவும் ஞாபகத்துல வரலைடி. இதோ இந்த ஆத்துல, அந்த ஜன்னலோரம் படுத்துண்டிருந்தாப்பலதான் இருக்கு."